திட்டும் சீனியரைத் தேடிப் போங்கள்: புது வக்கீலுக்கு ஒரு வழிகாட்டி

பார் கவுன்சிலில் பதிவு செய்துகொண்டு, கறுப்பு கவுனைத் தைக்கக் கொடுத்துவிட்டு, "யாரிடம் ஜூனியராகச் சேரலாம்?" என்று கேட்டபடி வருடத்துக்கு ஏழெட்டுப் பேராவது என் அலுவலகப் படியேறுகிறார்கள். ஒரு பெயரைச் சொன்னதும் அடுத்த கேள்வி அநேகமாக இதுதான்: "அவர் ரொம்பக் கோபக்காரர் என்கிறார்களே, சார்?" ஆமாம், கோபக்காரர்தான், அதனால்தான் சொல்கிறேன் என்பேன். பாதிப் பேர் நன்றி சொல்லிவிட்டு வேறு யாரிடமோ போய்க் கேட்கிறார்கள்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். சட்டப் பட்டத்துக்கும் நீதிமன்றத்தில் எழுந்து நிற்பதற்கும் இடையில் உங்களுக்குத் தொழில் கற்றுத்தர வேண்டிய கட்டாயம் இன்று யாருக்கும் இல்லை. 1961ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டத்தில் பயிற்சிக்கு இடம் இருந்தது. 1973இல் வந்த திருத்தம் அதை எடுத்துவிட்டது. இந்திய பார் கவுன்சில் 1995இல் பயிற்சி விதிகளைக் கொண்டுவந்து பார்த்தது. 1999இல் உச்ச நீதிமன்றம் அவற்றைச் செல்லாது என்றது. பிறகு 2011 முதல் அகில இந்திய பார் தேர்வு நடக்கிறது. நூறு கேள்விகள், சரியான விடையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரு வழக்குரையை (வழக்குத் தொடுப்பவர் தாக்கல் செய்யும் மனு) எழுதத் தெரியுமா, சாட்சியிடம் ஒழுங்காக ஒரு கேள்வி கேட்கத் தெரியுமா என்று அதில் யாரும் பார்ப்பதில்லை. ஆகவே நீங்கள் சேரப்போகும் அலுவலகம்தான் உங்கள் பயிற்சிப் பள்ளி. அதன் பாடத்திட்டம் முழுக்க ஒரே ஆளின் பொறுமையையும் பொறுமையின்மையையும் பொறுத்தது.

என் கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். உயர் நீதிமன்றத்துக்கு எதிரே, தம்புச் செட்டி தெருவில், இரண்டாம் மாடியில் ஒரு சிவில் சீனியரிடம் சேர்ந்தேன். மூன்றாவது வாரம், செங்கல்பட்டில் தாக்கல் செய்ய வேண்டிய ஒரு வழக்குக்கு வழக்குரையின் சொத்து விவரத்தை மட்டும் ஆங்கிலத்தில் எழுதித் தரச் சொன்னார். கையில் பழைய தமிழ்க் கிரயப் பத்திரம். அதில் நான்கெல்லை இப்படி இருந்தது: "பொதுப்பாதைக்குத் தெற்கு, முத்தையா மனைக்குக் கிழக்கு, வாய்க்காலுக்கு வடக்கு, கோயில் மனைக்கு மேற்கு, இதற்குள்பட்ட மனை." நான் ஐந்தே நிமிடத்தில் எழுதி முடித்தேன்: தெற்கில் பொதுப்பாதை, கிழக்கில் முத்தையா மனை, வடக்கில் வாய்க்கால், மேற்கில் கோயில் மனை.

அவர் படித்தார். ஒன்றும் சொல்லவில்லை. ஒரு வெள்ளைத்தாளைத் தள்ளி, "மனையை வரை" என்றார். வரைந்தேன். "வீட்டுக்கு வாசல் எந்தப் பக்கம்?" வழக்குக் கட்டுக்குள் இருந்த வீட்டு வரைபடத்தைப் பார்த்து, வடக்கு என்றேன். "அப்படியானால் வீட்டுக்காரர் காலையில் வாசலைத் திறந்துகொண்டு வெளியே வந்தால் எங்கே போவார்?"

என் படத்தின்படி அவர் நேராக வாய்க்காலில் இறங்குவார்.

பாதைக்குத் தெற்கே மனை இருந்தால் பாதை மனைக்கு வடக்கே இருக்கிறது. பத்திரம் எல்லையிலிருந்து மனையைப் பார்க்கிறது. ஆங்கில விவரணை மனையிலிருந்து எல்லையைப் பார்க்கிறது. நான்கு திசையையும் தலைகீழாக்கி வைத்திருந்தேன். அசையாச் சொத்து வழக்கில் சொத்தை அடையாளம் காணும் அளவுக்கு விவரம் தர வேண்டும் என்று உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 7 விதி 3 சொல்வதை நான் கல்லூரியில் எழுதி மதிப்பெண் வாங்கியவன். தவறான விவரத்தோடு வழக்கில் வென்றிருந்தால், பல வருடம் கழித்து நீதிமன்ற ஊழியரான அமீனா தீர்ப்பாணையைக் கையில் வைத்துக்கொண்டு அந்த இடத்தில் நின்று விழித்திருப்பார். சீனியர் கத்தியதை இங்கே எழுதவில்லை, நிறையக் கத்தினார். ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போய் அந்த மனையைச் சுற்றி நடந்துவிட்டு வரச் சொன்னார். போனேன். வாய்க்கால் அப்போதே தூர்ந்துபோயிருந்தது. அதையும் வந்து சொன்னேன். அது வழக்குரையில் ஒரு பத்தியாகச் சேர்ந்தது.

இனி, என்ன செய்ய வேண்டும் என்று வரிசையாகச் சொல்கிறேன்.

சேரும் முன்: ஒரு வாரம் நீதிமன்றத்தில் உட்காருங்கள்

பெயர்ப் பலகையைப் பார்த்தும் உறவினர் சிபாரிசிலும் முடிவு செய்யாதீர்கள். நீங்கள் செய்ய விரும்பும் வகை வழக்குகள் நடக்கும் இரண்டு மூன்று நீதிமன்ற அறைகளைத் தேர்ந்தெடுத்து, ஒரு வாரம் பின்வரிசையில் உட்காருங்கள். பார்க்க வேண்டியது சீனியரின் குரலையும் கவுனையும் அல்ல, அவருக்குப் பின்னால் கட்டோடு நிற்கும் ஜூனியரை. நீதிபதி ஒரு ஆவணத்தைக் கேட்கிறார். சீனியர் திரும்பாமலே பின்னால் கையை நீட்டுகிறார். கேட்ட தாள் கைக்கு வருகிறதா? அல்லது ஜூனியர் கட்டைப் பிரித்து, குனிந்து, வியர்த்து, அதற்குள் வழக்கு மதியத்துக்குத் தள்ளிப் போகிறதா? முன்னவரின் அலுவலகத்தில் முந்தைய இரவு யாரோ யாரையோ பிழிந்திருக்கிறார்கள். அங்கே போய்ச் சேருங்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த ஜூனியர் வாய்தா கேட்பதற்கு மட்டும்தான் வாய் திறக்கிறாரா, அல்லது சிறிய இடைக்கால மனுக்களையாவது அவரே வாதாடுகிறாரா? வாய்தா மட்டும் கேட்டே ஆறு வருடம் ஓட்டியவர்களை எனக்குத் தெரியும். நல்ல மனிதர்கள்தான். சாட்சியைப் பார்த்தால் நடுங்குவார்கள்.

அந்த அலுவலகத்தைப் பற்றி உண்மையைச் சொல்லக்கூடியவர்கள் இரண்டு பேர்: அங்கிருந்து வெளியேறிய பழைய ஜூனியர், இப்போதைய குமாஸ்தா. பழைய ஜூனியரிடம், "திட்டுவாரா?" என்று கேட்காதீர்கள். "நீங்கள் எழுதியதைப் படிப்பாரா?" என்று கேளுங்கள். பன்னிரண்டு ஜூனியர்கள் இருக்கும் பெரிய அலுவலகத்தில் உங்கள் தாளை யாரும் படிக்காமல் மூன்று வருடம் போய்விடக்கூடும். திட்டக்கூட ஆள் இருக்காது. நான்கு பேர் இருக்கும் சிறிய அலுவலகம் புதியவருக்கு நல்லது என்பது என் கருத்து; ஒப்புக்கொள்ளாதவர்களும் உண்டு.

முதல் சந்திப்பு

வேலைக்கு விண்ணப்பிப்பதுபோல் தற்குறிப்பை நீட்டிவிட்டுத் தலையாட்டாதீர்கள். மூன்று விஷயங்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: நான் தயாரிப்பதை யார் திருத்துவார்கள்? எத்தனை மாதத்தில் நானாக ஒரு மனுவை வாதாடலாம்? மாதம் என்ன தருவீர்கள்?

மூன்றாவதைக் கேட்க வெட்கப்பட வேண்டாம். சென்னை, மதுரை, கோவையில் ஜூனியருக்கு மாதம் குறைந்தது 20,000 ரூபாயும் பிற இடங்களில் 15,000 ரூபாயும் தரப்பட வேண்டும் என்று 2024இல் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. எல்லா அலுவலகத்திலும் அது கிடைத்துவிடும் என்று நம்பிப் போகாதீர்கள். ஆனால் "கற்றுக்கொள்ள வந்தவனுக்கு எதற்குப் பணம்?" என்று கேட்கும் சீனியர் கண்டிப்பானவர் அல்லர், கஞ்சர். இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

இன்னொரு கூட்டத்துக்கும் ஒரு வார்த்தை. சிவில் நீதிபதி தேர்வு எழுத மூன்று வருடத் தொழில் அனுபவம் வேண்டும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகு, சான்றிதழுக்காக மட்டும் ஒரு பெயரைத் தேடுகிறவர்கள் பெருகிவிட்டார்கள். பத்து வருடம் தொழில் பார்த்த வக்கீல் ஒருவரின் கையெழுத்து வேண்டும். கேள்வி கேட்காமல் போட்டுத்தரும் ஆள் கிடைத்தால் போதும் என்று நினைக்கிறார்கள். அவர்களே நாளைக்கு நீதிபதி இருக்கையில் உட்கார்ந்து, எதிரே நிற்கும் வக்கீலின் நான்கெல்லையைப் படிக்க வேண்டும்.

முதல் மூன்று மாதம்: டைரி, ரிட்டர்ன், தேதி

இந்தக் காலத்தில் உங்களுக்குச் சட்டம் சொல்லித்தர மாட்டார்கள். தேதி சொல்லித்தருவார்கள். அது கீழான வேலையாகத் தெரியும். தொழிலின் முதுகெலும்பே அதுதான்.

மாலை ஆறு மணிக்கு டைரி எழுதுங்கள்: வழக்கு எண், எந்த நீதிமன்றம், இன்று என்ன நடந்தது, அடுத்த வாய்தா எப்போது, எதற்கு. "எதற்கு" என்பதைத்தான் எல்லோரும் விட்டுவிடுவார்கள். கண்டிப்பான சீனியர் கேட்கும் முதல் கேள்வியும் அதுதான். அடுத்த தேதி 14 என்று மட்டும் எழுதியிருந்தால், 13ஆம் தேதி இரவு ஒன்பது மணிக்குக் கட்டைத் திறந்து பார்க்கும்போது, எதிர்வழக்குரைக்கு, அதாவது வழக்குக்கு எதிர்த்தரப்பு தரும் பதிலுக்கு, கடைசி வாய்ப்பு என்று தெரியவரும்.

அடுத்தது தாக்கல் பிரிவு. மனுக்கள் ரிட்டர்ன் ஆகி வரும். வக்கீல் சேமநல நிதி முத்திரை ஒட்டவில்லை, நீதிமன்றக் கட்டணம் குறைவு, பக்க எண் இல்லை, வழக்குமூலம் (வழக்குத் தொடுக்கும் உரிமைக்குக் காரணமான நிகழ்வு) எழுந்த தேதி காலியாக இருக்கிறது, தமிழ் ஆவணத்துக்கு மொழிபெயர்ப்பு இல்லை என்று ஆயிரம் காரணம். எல்லாம் சரியாக இருந்தால் கடைசி ஆயுதமாக, "இந்த மனு எப்படி ஏற்கத்தக்கது?" என்று ஒரு வரி எழுதித் திருப்புவார்கள். குமாஸ்தாவிடம் கொடுத்துச் சரிசெய்யச் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள். ஒவ்வொரு ரிட்டர்ன் காரணத்தையும் தனி நோட்டில் எழுதி, எப்படிச் சரிசெய்தீர்கள் என்று பக்கத்தில் குறியுங்கள். என்னுடைய அந்த நோட்டு இன்னும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது; என் ஜூனியர்கள் எடுத்துப் பார்க்கிறார்கள்.

கண்டிப்பு எங்கே பலன் தரும் என்பதற்குக் காசோலை வழக்கைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடையாது. காசோலை திரும்பிய செய்தி வங்கியிலிருந்து கிடைத்த 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நோட்டீஸ் காசோலை கொடுத்தவர் கைக்குப் போன நாளிலிருந்து பணம் கட்ட 15 நாள் அவகாசம். கட்டாவிட்டால் வழக்குமூலம் எழுந்த நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் புகார் தாக்கல் செய்ய வேண்டும். படிக்க எளிது. என் சீனியர் ஒரு கட்டைக் கொடுத்து, "கடைசி நாள் எது?" என்றார். நோட்டீஸ் ஏப்ரல் 10 அன்று சேர்ந்திருந்தது. விரல் விட்டு எண்ணி, "மே 25, சார்" என்றேன். "எப்படி?" பதினைந்து நாள் ஏப்ரல் 25இல் முடிகிறது, அதிலிருந்து முப்பது நாள் என்றேன். "சட்டத்தில் முப்பது நாள் என்று எங்கே இருக்கிறது? காட்டு." பிரிவைத் திறந்தேன். ஒரு மாதம் என்றுதான் இருந்தது. வழக்குமூலம் எழுவது ஏப்ரல் 26. அந்த நாளை விட்டுவிட்டு ஒரு மாதம், ஆக மே 26. என் கணக்கு ஒரு நாள் முன்னதாக இருந்ததால் யாருக்கும் நட்டமில்லை என்று முணுமுணுத்தேன். "இன்றைக்கு உன் தப்பு நமக்குச் சாதகமாக இருக்கிறது. பிப்ரவரியில் என்ன செய்வாய்?" என்றார். பிறகு, கடைசி நாளைக் கண்டுபிடிப்பது அன்று தாக்கல் செய்வதற்காக அல்ல என்று சொல்லி, இரண்டு வாரம் முன்னதாக ஒரு தேதியை டைரியில் எழுத வைத்தார்.

கேள்வி கேட்கும் முறை

கண்டிப்பான சீனியரிடம் வெறுங்கையோடு போய்க் கேள்வி கேட்டால் எரிந்து விழுவார். அதைப் பார்த்து ஜூனியர்கள் கேட்பதையே நிறுத்திவிடுகிறார்கள். அதுதான் பெரிய நட்டம். தேடிப் பார்த்துவிட்டுப் போங்கள்.

"எதிர்வழக்குரைக்கு எத்தனை நாள், சார்?" என்பது கேள்வியே அல்ல. "சம்மன் சேர்ப்பித்த நாளிலிருந்து 30 நாள் என்று கட்டளை 8 விதி 1 சொல்கிறது, 90 நாள் வரை காரணம் பதிந்து நீட்டலாம். நமக்கு இன்று 41ஆம் நாள். தாமதத்துக்குக் காரணம் சொல்லி மனு தயாரித்துக் கொண்டு வந்திருக்கிறேன், சரியாக இருக்கிறதா?" என்பது கேள்வி. இப்படிக் கேட்டவரை எந்தக் கடுமையான சீனியரும் விரட்டியதை நான் பார்த்ததில்லை. மனுவில் நான்கு பிழை கண்டுபிடிப்பார், அது வேறு.

நேரமும் முக்கியம். காலை பத்து முதல் பத்தரை வரை எதுவும் கேட்காதீர்கள். அவர் மனத்தில் அன்றைய சாட்சி உட்கார்ந்திருப்பார். மாலையில் கட்சிக்காரர்கள் போன பிறகு கேளுங்கள்.

சிவப்பு மையை என்ன செய்வது

திருத்தித் தந்த தாளைத் தட்டச்சுக்குக் கொடுத்துவிட்டுத் தூக்கி எறிவதுதான் ஜூனியர்கள் செய்யும் பெரிய தவறு. கணினியில் திருத்தும் சீனியர் என்றால் இன்னும் மோசம்: பழையது மறைந்துவிடும், சுத்தமான பிரதி மட்டும் இருக்கும், நீங்களே எழுதியதுபோல் ஒரு மயக்கம் வரும். உங்கள் முதல் பிரதியைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் அருகருகே வைத்து, ஒவ்வொரு மாற்றத்துக்கும் காரணம் என்ன என்று நீங்களே சொல்லிப் பாருங்கள். புரியாததை மட்டும் கேளுங்கள்.

ஆறு மாதம் இப்படிச் செய்தால் உங்கள் பிழைகளுக்கு ஒரு குணம் இருப்பது தெரியும். நான் பெயரடைகளை அள்ளித் தெளிப்பேன்: "கொடூரமான", "அப்பட்டமான", "சற்றும் நியாயமற்ற". அவர் எல்லாவற்றையும் வெட்டிவிட்டு, அந்த இடத்தில் ஒரு தேதியைச் செருகுவார். என் நண்பர் ஒருவருக்கு நேர்மாறு. எதிர்த்தரப்பு சொன்ன எதையும் பத்தி வாரியாக மறுக்க மாட்டார். மறுக்காதது ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று அவருடைய சீனியர் தாளை மடித்து அவர் சட்டைப் பையிலேயே செருகி அனுப்பினார்.

கண்டிப்பா, கொடுமையா?

கண்டிப்பு என்ற பெயரில் எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ளச் சொல்லவில்லை. பிரித்தறிய எனக்குத் தெரிந்த வழி ஒன்று: திட்டு வாங்கிய பிறகு, தாளில் நீங்கள் மாற்ற வேண்டியது ஏதாவது இருக்கிறதா? இருந்தால் அது பாடம். உங்கள் சாதி, ஊர், ஆங்கில உச்சரிப்பு, உடை, உடல், வீட்டு நிலைமை ஆகியவற்றைப் பற்றிய பேச்சில் மாற்றுவதற்கு ஒன்றும் இல்லை. அது வெறும் அவமதிப்பு. பெண் ஜூனியர்களிடம் எல்லை மீறும் அலுவலகம் என்றால் இரண்டாவது முறைக்குக் காத்திருக்க வேண்டாம், அன்றே கவுனை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். "நல்ல பயிற்சி கிடைக்கிறதே" என்று யாராவது சொன்னால் அவரையும் நம்பாதீர்கள்.

மின் கட்டணம் கட்டுவது, சீனியர் வீட்டுக் குழந்தையைப் பள்ளியிலிருந்து அழைத்து வருவது எல்லாம் பயிற்சி அல்ல. எப்போதாவது ஒருமுறை என்றால் மனிதாபிமானம்; வாராவாரம் என்றால் சம்பளமில்லாத வேலையாள்.

இன்னொரு அடையாளம் நீதிமன்றத்தில் தெரியும். நான் பக்க எண்ணைத் தவறாகக் குறித்துக் கொடுத்த ஒரு நாள், நீதிபதி எரிச்சலடைந்தார். என் சீனியர் திரும்பிக்கூடப் பார்க்காமல், "என் பிழை, மன்னிக்க வேண்டும்" என்றார். படியேறி அலுவலகம் வந்த பிறகு எனக்கு அரைமணி நேரம் கிடைத்தது, அது தனி. பிறகு கிரிமினல் வழக்குகள் கற்க ஆசைப்பட்டு வேறோர் அலுவலகத்தில் சில மாதம் இருந்தேன். அங்கே ஒரு ஜாமீன் மனுவில் குற்ற எண் தவறாகப் போனது. எண்ணைச் சொன்னவர் சீனியர், எழுதியவன் நான். கட்சிக்காரரின் மனைவி எதிரே நிற்க, "இந்தப் பையனை வைத்துக்கொண்டு நான் படும் பாடு" என்று அவர் ஆரம்பித்தார். குரல் முந்தையவரைவிட மெதுவானதுதான். மறுவாரம் விலகிவிட்டேன்.

எத்தனை வருடம் இருக்கலாம்?

மூன்று முதல் ஐந்து. ஒரு சாட்சியை நீங்கள் தனியாகக் குறுக்கு விசாரணை செய்து முடித்து, சீனியர் அந்த வாக்குமூல நகலைப் படித்துவிட்டு ஒன்றிரண்டு கேள்விகளை மட்டும் சுட்டிக்காட்டும் நிலை வந்தால் தயாராகிவிட்டீர்கள். அவர் திட்டுவதை நிறுத்திய பிறகும் அங்கேயே வசதியாக உட்கார்ந்திருப்பது ஜூனியருக்கும் நல்லதல்ல, அவருக்குப் பின்னால் காத்திருக்கும் அடுத்த ஜூனியருக்கும் நல்லதல்ல.

விலகும்போது செய்ய வேண்டியவை கொஞ்சம்தான். உங்கள் கையில் இருந்த வழக்குகளுக்கெல்லாம் ஒரு பட்டியல் தயாரியுங்கள்: எண், எந்தக் கட்டத்தில் இருக்கிறது, அடுத்த தேதி, ரிட்டர்னில் கிடப்பது எது, நகல் மனு போட்டு வாங்காமல் இருப்பது எது. கட்சிக்காரர்களை உங்கள் பக்கம் இழுக்காதீர்கள். அவர்களாக வந்தாலும், ஏற்கெனவே ஒருவர் வக்காலத்து தாக்கல் செய்த வழக்கில் அவருடைய சம்மதம் இல்லாமல் நீங்கள் நுழைய முடியாது. சம்மதம் தராவிட்டால் நீதிமன்ற அனுமதி வேண்டும். நேரில் போய்க் கேளுங்கள். வாட்ஸ்அப்பில் கேட்காதீர்கள்.

விலகும் செய்தியைச் சொல்லச் சரியான காலம் ஏப்ரல். மே மாதம் கோடை விடுமுறை. கட்டுகளை ஒப்படைக்கவும் புதிய ஆள் தேடவும் அவருக்கு நாள் இருக்கும். ஜூனில் நீதிமன்றம் திறக்கும்போது உங்கள் பெயர்ப் பலகையை மாட்டிக்கொள்ளலாம்.